அவியாமல் வந்த பொறி

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் ஆமத்தூர் இருக்கிறது. கரிசல் காடு, ஆங்காங்கே கருவேலம், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட பட்டாசுத் தொழிற்சாலைகளின் சிற்றறைகள்: இவையே அப்பக்கத்து நிலத்தோற்றம். ஒரு வைகாசி மாதத்தில் உறவினர் இல்ல நிகழ்ச்சிக்காக நாம் அங்குச் சென்றிருந்தோம். இரவு பத்து மணியளவில் மின்சாரம் நின்றுபோயிற்று. விசிறியின்றி உள்ளே படுக்க இயலாமல் யாவரும் திண்ணைக்கு வந்தோம். ஊர் முழுதும் இருளானதால் வானம் மிகத் தெளிவாய் இருந்தது. தென்திசையில், அடிவானத்துக்குச் சற்று மேலே, ஒளிமிக்க விண்மீன்கள் இரண்டு அருகருகே தெரிந்தன. இடப்புறம் இருந்தது ஆல்பா செண்டாரி. நம் கதிரவனுக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன் குடும்பம் அதுவே.

எம்மருகில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். நாற்பதாண்டுக் காலம் பட்டாசுத் தொழிலில் மணிமருந்து உருட்டியவர். அலுமினியப் பொடி படிந்து படிந்து அவருடைய உள்ளங்கைக் கோடுகள் வெள்ளி போல் மின்னுவதை விளக்கொளியில் முன்பே கண்டிருந்தோம். உயிருக்கு மூலமான சில பொருள்கள் விண்வெளியில் உருவாகி, விண்கற்களோடு பூமிக்கு வந்திருக்கக்கூடும் என்று அறிஞர் கூறுவதைப் பேச்சுவாக்கில் சொன்னோம். அவர் சிறிது நேரம் வானத்தையே நோக்கியிருந்துவிட்டுக் கேட்டார்: "நம்ம பொறி நாலு பனை உசரம் போறதுக்குள்ள அவிஞ்சு போகுது சார். அம்புட்டுத் தூரத்துல இருந்து அது மட்டும் எப்படி அவியாம வந்துச்சு?"

அன்றிரவு எம்மிடம் தக்க விடை இல்லை. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோதுதான் அக்கேள்வியின் அருமை விளங்கிற்று. விண்வெளியில் கரிமச் சேர்மங்கள் உண்டா என்ற கேள்விக்கு விடை காண ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அவை எப்படி அழியாமல் பயணம் செய்கின்றன என்ற கேள்விக்கு விடை இன்றும் சிறிது சிறிதாகவே கிடைத்து வருகிறது. பெரியவர் முதல் கேள்வியைத் தாண்டி நேரே இரண்டாவதற்கு வந்துவிட்டார்.

முதல் கேள்விக்கு விடை கண்ட வழி, அவருடைய தொழிலுக்கு அயலானதன்று. வாணத்தில் சிவப்பு வேண்டுமானால் ஸ்டிரான்சியம் உப்பு, நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்குச் சோடியம், பச்சைக்குப் பேரியம் என்பது சிவகாசி வட்டாரத்தில் சிறுவரும் அறிந்த பாடம். பச்சை உப்பு என்று தொழிலாளர் வழங்கும் பேரியம் நைட்ரேட்டை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. "பச்சை போனதுல இருந்து வானம் பாதி வெறுமையாப் போச்சு" என்று பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார். மூச்சடைக்கும் நகரங்களின் பக்கத்து நியாயத்தை அவரிடம் எடுத்துச் சொல்ல அது நேரமன்று.

1859 இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் புன்சனும் கிர்க்காஃபும் கண்டது இந்த உப்புப் பாடத்தின் மறுபக்கம். எந்தப் பொருளை எரித்தால் எந்த நிறம் வரும் என்பது தொழிலாளியின் அறிவு. வந்த நிறத்தை முப்பட்டகத்தால் பிரித்து, எரிவது எந்தப் பொருள் என்று கூறுவது அவ்விருவரின் அறிவு. ஒருமுறை தொலைவிலுள்ள மன்ஹைம் நகரில் தீப்பிடித்தபோது, தம் ஆய்வகச் சாளரத்திலிருந்தே அத்தீயைக் கருவியால் நோக்கி, அதில் பேரியமும் ஸ்டிரான்சியமும் இருப்பதை அவர்கள் கண்டனர் என்பர். நம்மூர் வாணத்தின் பச்சையும் சிவப்பும் தருகின்ற அதே இரண்டு பொருள்கள்! அருகே செல்லாமலே ஒரு நெருப்பின் உட்பொருளை அறியலாம் என்றால், விண்மீனின் உட்பொருளையும் அறியலாமே என்ற துணிவு அங்குதான் பிறந்தது.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. தனி அணுவின் ஒளி, நிறமாலையில் மெல்லிய கோடுகளாக விழும். சோடியத்தின் மஞ்சள் அத்தகையது. அணுக்கள் கூடிய மூலக்கூறின் ஒளியோ அகன்ற பட்டையாக விழும். வாணத்தின் பச்சை உண்மையில் பேரியமும் குளோரினும் கூடிய மூலக்கூறின் ஒளியே. ஆகவே அது பட்டையாகத் தெரியும். கோடு கண்டால் அணு, பட்டை கண்டால் மூலக்கூறு. பட்டைகளைக் கண்டவர் நம் சபை வரலாற்றில் பெருமையோடு நினைக்கத்தக்க ஒரு துறவி.

உரோமையில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் மேல்தளத்திலேயே தம் வானாய்வகத்தை அமைத்திருந்த இயேசு சபைத் துறவி ஆஞ்சலோ செக்கி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்து வகைப்படுத்தினார். 1868 இல், செந்நிறமான சில மங்கலான விண்மீன்களின் ஒளியில் அகன்ற கரும்பட்டைகளைக் கண்டு, அவை கார்பனுக்கு உரியவை எனத் தெரிவித்தார். கரி விண்மீன்கள் என்று இன்று வழங்கும் வகை அது. அதே 1868 இல் ஒரு வால்மீன் தோன்றியது. இங்கிலாந்தில் ஹக்கின்ஸ் என்பார் எத்திலீன் வாயுவில் மின்பொறியைச் செலுத்தி, அதன் ஒளியை வால்மீனின் ஒளியோடு ஒப்பிட்டார். பட்டைகள் பொருந்தின. செக்கி அடிகளாரும் அதையே கண்டார். உயிர்ப்பொருள்களின் அச்சாணியாகிய கார்பன், வானிலும் சேர்மமாக உலவுகிறது என்பதற்குக் கிடைத்த முதற்சான்றுகள் இவை.

இவ்விடத்தில் நம் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, தொலைநோக்கியால் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சயாம் நாட்டுக் கலகத்தில் இடம்பெயர்ந்து வந்தவர் அவர். வால்மீனைத் தேடிய கண்ணுக்கு அருகிலிருந்த ஆல்பா செண்டாரி அகப்பட்டது. அது ஒரு விண்மீனன்று, இரட்டை என்று கண்டறிந்தார். ஆமத்தூர்த் திண்ணையிலிருந்து நாம் பார்த்த அதே மீன்தான். இந்தியாவிலிருந்து தொலைநோக்கியால் செய்யப்பட்ட முதற் பெருங்கண்டுபிடிப்பாக அதனைப் போற்றுவர்.

வால்மீன்களில் சயனோஜன் என்னும் நச்சுவாயு இருப்பதும் பின்னர்த் தெரிந்தது. 1910 மே மாதத்தில் பூமி ஹாலி வால்மீனின் வாலினூடே செல்லப் போகிறது என்றதும், மேலை நாடுகளில் மக்கள் அஞ்சிக் கதவிடுக்குகளை அடைத்தனர். வால்மீன் நச்சுக்கு மாத்திரை விற்றுப் பொருள் ஈட்டியவரும் உண்டு. ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. வாலில் உள்ள வாயு அத்துணை மெலிது. அச்சத்துக்குக் காரணமான அந்தக் கார்பன்-நைட்ரஜன் இணையைத்தான் 1940 இல், விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்திலும் கண்டனர். 1969 இல் அமெரிக்காவின் கிரீன் பாங்க் வானொலித் தொலைநோக்கி, அவ்வெளியில் ஃபார்மால்டிஹைடு இருப்பதைக் காட்டியது. இன்று அப்பட்டியலில் 300க்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் உள்ளன.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

விண்வெளி ஒரு மூலக்கூறுக்கு இரக்கமற்ற இடம். விண்மீன்களின் புற ஊதாக் கதிர் எங்கும் பாய்கிறது. அதில் மறைவின்றி அகப்பட்ட ஃபார்மால்டிஹைடு மூலக்கூறு சில பத்தாண்டுகளில் சிதைந்துவிடும். தொலைவோ நம் கணக்குக்கு அடங்காதது. மிக அண்மைய விண்மீனே நான்கேகால் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. நொடிக்கு 32 கிலோமீட்டர் விரைவில் ஒரு பொருள் அங்கிருந்து புறப்பட்டால் இங்கு வந்து சேர ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் ஆகும். சில பத்தாண்டுகளே வாழக்கூடியது 40,000 ஆண்டு வழி நடப்பது எப்படி? பொறி அவிந்துதானே போகும்!

அது தனியே வரவில்லை என்பதே விடை. அது தங்கி வந்த இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்ததுதான் சென்ற அறுபதாண்டு ஆராய்ச்சியின் சுருக்கம்.

முதல் இருப்பிடம் தூசி. மூப்படைந்த கரி விண்மீன்கள், செக்கி அடிகளார் கண்ட அதே செந்நிற மீன்கள், தம் புறப்படலத்தை மெல்ல மெல்ல வெளியே ஊதித் தள்ளுகின்றன. அது குளிர்ந்து தூசியாகிறது. மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியில் படியும் புகைக்கரியை ஒத்தது அதன் ஒரு பகுதி. இத்தூசி விண்மீன் ஒளியை மங்கச் செய்வதைக் கொண்டு, அதில் கார்பன் உண்டென்று வாதிட்டவர் ஓர் இலங்கையர். 1939 இல் கொழும்பில் பிறந்து கேம்பிரிட்ஜில் பிரெட் ஹாயிலிடம் பயின்ற சந்திரா விக்கிரமசிங்க, 1962 இல் ஹாயிலோடு சேர்ந்து, விண்தூசியில் பென்சிற்கரி போன்ற கிராஃபைட் துகள்கள் இருக்கலாம் என்றார். தூசியைப் பனிக்கட்டி என்றே பலர் கருதிய காலம் அது. 1974 இல் அவர் இன்னும் ஒரு படி சென்று, தூசியில் கரிமச் சங்கிலிச் சேர்மங்கள் இருக்கலாம் என்றார். விண்தூசியில் கார்பனும் கரிமப் பொருள்களும் மிகுதி என்பது இன்று எல்லோரும் ஏற்றது. விண்வெளியிலே தனியே உலவும் கார்பன் மூலக்கூறுகளிலும் சில மிக உறுதியானவை. அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் இணைந்தவை 2010 இல் ஒரு மடிந்த விண்மீனின் புகைமண்டலத்தில் கண்டறியப்பட்டன.

இரண்டாவது இருப்பிடம் பனி. தூசி மிகச் செறிந்து கூடிய இடங்களில் விண்மீன் ஒளி உள்ளே நுழைய இயலாது. இருண்ட முகில்கள் என்று அவற்றைச் சொல்வர். அங்கே வெப்பநிலை சுழிக்குக் கீழ் 260 பாகைக்கும் கீழே இறங்கும். தூசித்துகள் ஒவ்வொன்றின்மீதும் நீரும் கார்பன் மோனாக்சைடும் அம்மோனியாவும் பனியாக உறைகின்றன. துகளின் அளவோ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய பனிப்போர்வையின்மீது ஹைட்ரஜன் அணுக்கள் வந்து ஒட்டி, கார்பன் மோனாக்சைடோடு ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர, ஃபார்மால்டிஹைடும் பின் மெத்தனாலும் உருவாகின்றன. நெருப்பின்றி, உலையின்றி, கடுங்குளிரில் நடக்கும் சமையல் இது. தீயையே தொழிலாகக் கொண்ட ஊரில் இதைச் சொன்னால் யார்தான் எளிதில் நம்புவர்?

இத்தகைய முகில் தன் எடையாலேயே சுருங்கி ஒரு கதிரவனும் கோள்களும் ஆகும்போது, எஞ்சிய பனித்தூசி திரண்டு வால்மீன்களாகவும் சிறுகோள்களாகவும் உறைந்து நிற்கிறது. இதுவே மூன்றாவது இருப்பிடம், எல்லாவற்றிலும் பெரியது. வால்மீன் கதிரவனை நெருங்கும்போது உருகித் தன் தூசியை வழியெங்கும் உதிர்க்கும். உதிர்ந்த தூசியே எரிமீன் மழையாகப் பூமியில் விழுகிறது என்ற உண்மை நிலைபெற்ற நாள்களில் சென்னைக்கும் ஒரு செய்தி வந்தது. 1872 நவம்பர் 27 அன்று ஐரோப்பாவில் பெரும் எரிமீன் மழை பொழிந்தது. பிளவுண்டு காணாமற்போன பியலா வால்மீனின் எச்சம் பூமியைத் தொட்டுச் சென்றதென்று கருதிய ஒரு ஜெர்மானிய வானியலார், எதிர்த்திசை வானில் தேடிப் பார்க்குமாறு சென்னை வானாய்வகத்துக்குத் தந்தி கொடுத்தார். ஆய்வகத் தலைவர் போக்சன் டிசம்பர் முதல் வாரத்தில் அங்கே ஒரு வால்மீனை உண்மையிலேயே கண்டார். அது பியலாதானா என்பதைப் பின்வந்தோர் ஐயுற்றனர். தந்தி ஒன்றை நம்பி முகில் மூடிய சென்னை வானத்தில் கண்விழித்திருந்த அந்த இரவுகளை நினைக்கையில் எமக்கு மதிப்பே தோன்றுகிறது.

நான்காவது இருப்பிடம் நம் கைக்கு எட்டியது: விண்கல். இங்கேதான் நம் நாட்டோடு தொடர்புடைய இன்னொரு பெயர் வருகிறது.

சிரில் பொன்னம்பெருமா இலங்கையின் காலியில் 1923 இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948 இல் பட்டம் பெற்றார். வேதியியலில் அன்று, தத்துவத்தில்! உயிர் எங்கிருந்து வந்தது என்பது தத்துவ வகுப்பின் கேள்வி. அவர் அதை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். இலண்டனில் மீண்டும் தொடக்கத்திலிருந்து வேதியியல் பயின்றார். கலிபோர்னியாவில் மெல்வின் கால்வினிடம் ஆய்வு செய்து 1962 இல் முனைவரானார். அதன்பின் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்து, தொல்பூமியின் வாயுக்களைக் குடுவையில் அடைத்து, அவற்றின்மீது மின்னணுக் கற்றையைச் செலுத்தி, மரபுப்பொருளின் ஓர் உறுப்பாகிய அடினின் உருவாவதைக் காட்டினார். நாற்பது வயதை எட்டும் நிலையில் ஒருவர் தம் வாழ்வின் திசையை இப்படித் திருப்பிக்கொள்வது எளிதன்று. பட்டம் பெற்ற துறைக்கும் பார்க்கும் வேலைக்கும் தொடர்பில்லையே என்று வருந்தும் நம் இளைஞர்கள் அவர் வாழ்க்கையை அறிந்திருப்பது நல்லது.

விண்கற்களில் கரிமப் பொருள் இருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியும். அதை நம்புவதுதான் கடினமாய் இருந்தது. 1864 இல் பிரான்சின் ஓர்குயில் ஊரில் விழுந்த கல்லில் உயிரின் எச்சங்கள் உள்ளன என்று 1961 இல் அறிவித்தனர். ஆராய்ந்தபோது அவற்றுட் சில நம் பூமியின் மகரந்தத் துகள்களே. அக்கல்லின் ஒரு துண்டில் யாரோ விதையைப் பொதிந்து பசையிட்டு ஒட்டியிருந்ததும் வெளிப்பட்டது. ஒரு நூற்றாண்டு காட்சிப் பேழையில் கிடந்த கல்லில் மனிதன் விரல்பட்ட அழுக்கும் அமினோ அமிலம்தான். ஆகவே புதிதாக விழுந்த கல் வேண்டும். அது விழும்போது ஆய்வகமும் ஆயத்தமாய் இருக்க வேண்டும்.

1969 இல் இரண்டும் கூடிவந்தன. அவ்வாண்டு ஜூலையில் நிலவுக்குச் சென்றவர்கள் கொணர்ந்த மண்ணில் கரிமப் பொருளைத் தேடுவதற்காகவே பொன்னம்பெருமாவின் ஆய்வகம் மிகத் தூய்மையாக ஆயத்தம் செய்யப்பட்டிருந்தது. நிலவு மண் பெரிதாக ஒன்றும் தரவில்லை. செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மர்ச்சிசன் என்னும் சிற்றூரின்மீது ஒரு தீப்பந்து வெடித்துக் கற்களாய்ச் சிதறியது. திரட்டப்பட்டவை ஏறத்தாழ 100 கிலோ. கற்களிலிருந்து எரிசாராயம் போன்ற வாடை வீசியதாக மக்கள் கூறினர்.

1970 டிசம்பரில் பொன்னம்பெருமாவும் அவர் உடனாய்வாளர்களும் முடிவை வெளியிட்டனர். கல்லினுள் கிளைசின், அலனின், வேலின் முதலிய அமினோ அமிலங்கள் இருந்தன. இவை பூமியின் அழுக்கல்ல என்பதற்கு அவர்கள் காட்டிய சான்று அழகானது. அமினோ அமிலம், வலக்கையும் இடக்கையும் போல இரு வடிவங்களில் அமையும். பூமியின் உயிரினங்கள் தம் புரதங்களுக்கு இடக்கை வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றன. மர்ச்சிசன் கல்லிலோ இரு வடிவங்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. உயிரினங்களின் புரதங்களில் இடம்பெறாத அமிலங்களும் உடன் இருந்தன. எந்தக் கையும் படாமல் உருவானவை அவை. இடக்கை வடிவம் சிலவற்றில் சற்றே மிகுதி என்று 1997 இல் வேறு ஆய்வாளர் கண்டது அக்கல்லின் வியப்பைக் கூட்டியதே தவிர, முதல் முடிவை மாற்றவில்லை.

கல்லினுள் உருவாயின என்பது சரி. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று என்ன? 1987 இல் அந்த அமிலங்களின் ஹைட்ரஜனை எடைபோட்டுப் பார்த்தனர். கன ஹைட்ரஜன் வழக்கத்துக்கு மீறி மிகுந்திருந்தது. கடுங்குளிரான முகில்களில் நடக்கும் வேதிவினைதான் அப்படி ஒரு மிகுதியைத் தரும். ஆகவே அவ்வமிலங்களோ, அவற்றுக்கு மூலமான சேர்மங்களோ, கதிரவன் பிறக்கும் முன்னரே அந்த இருட்டில் உருவாகியிருக்க வேண்டும்.

2020 இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. மர்ச்சிசன் கல்லைப் பொடித்துக் கரைத்துப் பிரித்தபோது சிலிக்கன் கார்பைடு என்னும் மிக நுண்ணிய துகள்கள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை கரி விண்மீன்களின் தூசி. விண்வெளியில் உலவும்போது அண்டக்கதிர்கள் துகளைத் தாக்கி, அதனுள் சிறிது சிறிதாக நியானை உண்டாக்கும். நியானின் அளவைக் கொண்டு துகள் எத்தனை காலம் வழியில் இருந்தது என்று கணக்கிடலாம். வழிப்போக்கன் காலில் படிந்த புழுதியைப் பார்த்து நடந்த தொலைவைச் சொல்வது போல. சில துகள்களின் வயது 700 கோடி ஆண்டு. நம் கதிரவனின் வயது 460 கோடி ஆண்டே. உரோமையின் ஆலயக் கூரையிலிருந்து செக்கி அடிகளார் முப்பட்டகத்தால் நோக்கிய இனத்து விண்மீனின் தூசி, மனிதன் கையில் வந்து சேர்ந்துவிட்டது.

இவ்விடத்தில் சந்திரா விக்கிரமசிங்கவுக்குத் திரும்ப வேண்டும். மூலக்கூறுகளோடு அவர் நிற்கவில்லை. விண்தூசியே உறைந்த நுண்ணுயிர்கள் என்றும், சில தொற்றுநோய்கள் விண்ணிலிருந்து இறங்கியவை என்றும் ஹாயிலோடு சேர்ந்து எழுதினார். 2001 ஜூலையில் நம் மேற்குமலைக்கு அப்பால் கோட்டயம் பகுதியில் செந்நிற மழை பெய்தபோது, அதில் வேற்றுலக உயிரணுக்கள் இருக்கலாம் என்று கேரள ஆய்வாளர் இருவர் எழுதினர். அதிலும் அவர் ஆர்வம் காட்டினார். இந்திய அரசின் பொருட்டு ஆராய்ந்தவர்கள், அவ்வட்டாரத்து மரங்களில் படரும் ஒரு பாசியின் விதைத்தூள் அது என்று கண்டனர். 2012 டிசம்பரில் இலங்கையின் பொலன்னறுவையில் விழுந்ததாகக் கூறப்பட்ட கற்களில் பாசியெச்சம் உண்டென்று அவர் அறிவித்ததையும் பிற அறிஞர் ஏற்கவில்லை. தூசியில் கரிமப் பொருள் உண்டென்று பிறருக்கு முன்னே கண்ட கூரிய கண், அதற்கப்பால் தான் காண விரும்பியதையே கண்டது என்பது எம் துணிபு. சான்று நின்ற இடத்தில் தானும் நின்றதே பொன்னம்பெருமாவின் சிறப்பு. கல்லில் உயிரைக் கண்டதாக அவர் சொல்லவில்லை. உயிருக்கு வேண்டிய செங்கற்களைக் கண்டதாகவே சொன்னார். 1994 டிசம்பரில் வாஷிங்டனில் அவர் மறைந்தார்.

செங்கல் கிடைத்ததால் வீட்டைக் கட்டியவர் இல்லை என்றாகிவிடுமா என்று நம் பங்கு இளைஞர் ஒருவர் எம்மிடம் கேட்டார். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும்போது நாம் தூசி என்பதை அறிக்கையிடுகிறோம். அத்தூசி 700 கோடி ஆண்டு பழமையானது என்று தெரிவதால் நெற்றிச் சாம்பல் இலேசாகிவிடுவதாக எமக்குத் தோன்றவில்லை.

பொன்னம்பெருமா காணாதவை இன்று நமக்குக் கிடைக்கின்றன. 2023 செப்டம்பர் 24 அன்று பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 121.6 கிராம் மண் பூமிக்கு வந்தது. வழியில் பூமியின் காற்றுகூடப் படாமல் உறையிட்டுக் கொணர்ந்த மண். புரதங்களில் உள்ள இருபது அமினோ அமிலங்களுள் பதினான்கும், மரபுப்பொருளின் ஐந்து காரங்களும் அதில் உள்ளன என்று 2025 ஜனவரியில் அறிவித்தனர். வலக்கை இடக்கை வடிவங்கள் இதிலும் சமமாகவே இருந்தன.

ஆயினும் பெரியவரின் கேள்விக்கு நேர்விடையாக அமைந்தது வேறொன்று. 2019 ஆகஸ்ட் 30 அன்று கிரிமியாவில் கென்னடி போரிசோவ் என்பவர் தம் கையால் செய்த தொலைநோக்கியில் ஒரு வால்மீனைக் கண்டார். அதன் பாதை நம் கதிரவனைச் சுற்றி வருவதாக இல்லை. நொடிக்கு 32 கிலோமீட்டர் விரைவில் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலிருந்து அது நுழைந்திருந்தது. வேறொரு கதிரவனின் பனி, முதன்முறையாக நம் கண்முன் உருகியது. சிலி நாட்டின் வானொலித் தொலைநோக்கிகள் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுவதைக் கண்டன. 1910 இல் மக்கள் அஞ்சிய அந்த இணைக்குத் தாயான மூலக்கூறு, அயல் விண்மீன் ஒன்றின் அருகில் உறைந்து, பனிக்குள் அடங்கி, கதிருக்கு அகப்படாமல் இவ்வளவு தொலைவு வந்து சேர்ந்திருந்தது. லடாக்கில் ஹான்லே மலைமேல் உள்ள இந்தியத் தொலைநோக்கியும் அவ்வால்மீனை நோக்கிற்று. அத்தொலைநோக்கி இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குரியது. அந்நிறுவனமோ, போக்சன் கண்விழித்த சென்னை வானாய்வகத்தின் வழிவந்தது. 2025 ஜூலையில் மற்றுமொரு வால்மீன் அவ்வாறே வெளியிலிருந்து வந்தது. அதிலும் சயனைடின் ஒளி தெரிந்தது.

அடுத்த முறை ஆமத்தூர் சென்றபோது இவற்றையெல்லாம் பெரியவரிடம் கூறினோம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பேன்சி வாணத்தில் மணிமருந்தைத் தாள் உறைக்குள் அடுக்கி, மேலே பல சுற்றுத் தாள் ஒட்டி அனுப்புவார்கள். உச்சிக்குப் போய் உறை பிளக்கும்வரை உள்ளே இருக்கும் மணி தீப்பிடிக்காது. அதை நினைத்துக்கொண்டுதான் போலும், "அப்ப அதுவும் உறைக்குள்ளதான் வந்திருக்கு" என்றார். பிறகு, "போரிசோவுன்னு சொன்னீகளே, அது திரும்ப வருமா?" என்று கேட்டார்.

வராது என்றோம். 2019 டிசம்பரில் கதிரவனை நெருங்கி வளைந்து, வந்த விரைவோடே அப்பால் சென்றுகொண்டிருக்கிறது. உருகாமல் மிஞ்சிய பனி மீண்டும் உறைந்திருக்கும்.

"அப்ப உள்ள இன்னும் மருந்து இருக்கு" என்றார் அவர்.